பறை காய்ச்ச இடம் உண்டா? – இசைவிழாக் களங்களின் சாதி வரலாறு

வானூர் பகுதியில் புதுவகை இசைக்கென்று இரண்டு நாள் விழா ஒன்று நடத்தலாம் என்ற பேச்சு தோழர்களிடையே சில மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. பறையும் கூத்துப்பாட்டும் கானாவும் ராப்பும் கணினியில் கோக்கிற ஒலியும் ஒரே மேடையில் மோத வேண்டும், மோதினால் என்ன பிறக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதுதான் திட்டம். யார் யாரை அழைப்பது என்பதில் ஒரே மாலையில் உடன்பாடு வந்துவிட்டது. எங்கே நடத்துவது என்பதில் இன்றுவரை வரவில்லை. ஆரோவில் அரங்கம் என்கிறார்கள் சிலர். புதுச்சேரிக்கே போய்விடலாம், பேருந்து வசதி உண்டு என்கிறார்கள் வேறு சிலர். காலனியில்தான் நடக்க வேண்டும் என்கிறார்கள் இன்னும் சிலர். நடுவே ஒருவர் கேட்டார்: "இடம் என்பது வெறும் ஏற்பாட்டு வேலைதானே, இதிலும் சாதி அரசியலா?"

கேள்வி நேர்மையானது. அதனால் பதிலையும் நேர்மையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த இசை எங்கே ஒலிக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்திருக்கிறது. எந்த இசை எந்த வடிவத்தை எடுக்கும் என்பதை அந்த இடம் தீர்மானித்திருக்கிறது. வரலாற்றைப் பார்க்காமல் ஒரு மைதானத்தை வாடகைக்குப் பிடிப்பவர், வேறு யாரோ எப்போதோ எடுத்த முடிவுக்குத்தான் முன்பணம் கட்டுகிறார்.

முதலில் பறையிலிருந்தே தொடங்குவோம். மரச்சட்டத்தின் மேல் தோல் இழுத்து ஒட்டிய கருவி அது. ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும். தளர்ந்தால் குரல் கம்மும். ஆகவே அடிப்பதற்கு முன்பும், இடையிடையேயும், வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி அதன் அனலில் காட்டிக் காய்ச்சுவார்கள். காய்ச்சிய பறையைச் சுண்டிப் பார்த்து, மற்ற பறைகளோடு ஒத்துப்போகிறதா என்று காதால் அளப்பார்கள். வயலின்காரர் மேடையில் உட்கார்ந்து சுருதி சேர்க்கிறாரே, அதே வேலைதான். ஆனால் இதற்குத் தீ வேண்டும், திறந்த வானம் வேண்டும். குளிரூட்டிய அரங்கத்தில், கம்பளம் விரித்த மேடையில், புகை கண்டால் அலறும் கருவிக்குக் கீழே எந்தப் பறையைக் காய்ச்சுவது? மேலும் பறையை உட்கார்ந்து அடிப்பதில்லை. தோளில் மாட்டி, அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் இரு கையில் பிடித்து, காலால் அடவு போட்டு வட்டம் சுற்றி அடிப்பது. கேட்பவர்களும் சுற்றி நிற்பார்கள். ஒரே திசையில் இருக்கை போட்ட மண்டபம் இந்த இசையைப் பாதியாக வெட்டிவிடுகிறது. இதெல்லாம் தெரியாமல் "பறைக்கும் மேடை கொடுத்தோம்" என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம்.

சபா என்பதே ஒரு குறிப்பிட்ட இசைக்காக, ஒரு குறிப்பிட்ட சமூகத்துக்காக வடிவமைக்கப்பட்ட இடம். 1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டி அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி உருவானது. இன்றைக்கு நாம் பார்க்கும் அதன் அரங்கம் 1962இல்தான் வந்தது. அதற்கு முன் பல இடங்களில், பந்தல்களில் எல்லாம் அகாடமி விழா நடத்தியிருக்கிறது. "எங்கள் இசைக்கு அரங்கம்தான் பொருத்தம்" என்பது தொன்மையான மரபல்ல என்பதைக் காட்டத்தான் இதைச் சொல்கிறோம். தமிழில் பாட மேடை கேட்டு 1943இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. மேடை கேட்டவர்களிடம் பணம் இருந்தது; 1952இல் ராஜா அண்ணாமலை மன்றத்தையே கட்டிக்கொண்டார்கள். பாட்டின் மொழி மாறியது. ஆனால் அந்த மன்றத்திலும் பறைக்கு என்று ஒரு மூலை யாரும் வரைந்து வைக்கவில்லை. தமிழிசை என்று பேசியபோது எந்தத் தமிழரின் இசை என்று கேட்கப்படாமலே போய்விட்டது.

கோயிலில் ஒலித்த நாகஸ்வரத்துக்கே நிற்கும் இடம் ஒரு போராட்டமாக இருந்தது. ஊர்வலத்தில் நின்றபடி, நடந்தபடி வாசிக்க வேண்டிய கருவியாக அதை வைத்திருந்தார்கள். மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்று திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அடம்பிடித்ததை இன்று ரசனையான கதையாகச் சொல்கிறார்கள். சுயமரியாதை இயக்கம் தீவிரமாக இருந்த நாட்களில் கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலத்தில் நாகஸ்வரக் கலைஞர் சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டு வாசித்ததற்கு எதிர்ப்பு வந்தபோது, துண்டை எடுக்காதீர்கள், வாசியுங்கள் என்று பட்டுக்கோட்டை அழகிரி நின்ற வரலாறும் உண்டு. கோயிலுக்குள் அனுமதிக்கப்பட்ட கருவிக்கே இந்தக் கதி என்றால், கோயிலுக்கு வெளியே, ஊருக்கு வெளியே, சாவுக்கு மட்டும் அழைக்கப்பட்ட கருவியின் கதியைச் சொல்லத் தேவையில்லை.

சாவு வீடு என்று சொன்னோம். இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பறை சாவு வீட்டில் ஒலித்தது. வடசென்னையின் கானா, இரவு முழுக்கப் பிணத்தருகே விழித்திருக்கும் சாவு வீட்டில் வளர்ந்தது. நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் கருமாதிக்குக் கூத்து வைப்பார்கள். கர்ண மோட்சம் ஆடுவார்கள். உழைக்கும் மக்களின் இசை இத்தனை முறை மரணத்தைச் சுற்றியே வட்டமிடுவது ஏதோ சோக ரசனையால் அல்ல. சாவு வீட்டின் முன்னால் பந்தல் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இரவு முழுக்கச் சத்தம் எழுப்பினாலும் யாரும் தடுக்க வரமாட்டார்கள். கூட்டம் தானாகச் சேரும். நமக்குக் கிடைத்த ஒரே கட்டணமில்லாத அரங்கம் அது. நகரத்து இசைக்கலைஞர்கள் அரங்கத்தை உடைத்து வெளியேறுவதைச் "சோதனை" என்கிறார்கள். அரங்கமே இல்லாதவன் செய்த சோதனைகளுக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

பறையை மறுபடி கையில் எடுப்பதா, அடிக்க மறுப்பதா என்பதே நம்முள் பெரிய விவாதமாக இருந்தது. ஊருக்குப் பறையடிப்பது கட்டாய ஊழியம். அதை நிறுத்தியதற்காகப் பல ஊர்களில் சேரிமக்கள் புறக்கணிப்பையும் அடியையும் சந்தித்தார்கள். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய எழுச்சிக்குப் பின் இன்னொரு போக்கு வந்தது: ஊருக்கு அடிக்க மாட்டோம், நமக்காக அடிப்போம். அப்போது இடம் உடனடிக் கேள்வியாக வந்து நின்றது. 1990களில் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி தலித் கலைவிழாக்களுக்குக் களமானது. பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு அங்கேதான் நாட்டார் இசையை வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழு பறையைப் பெண்கள் கையில் கொடுத்தது. அதுவரை ஆண்களே அடித்த கருவி. கல்லூரி வளாகம், தேவாலய முற்றம், பள்ளி மைதானம் என்று ஒரு புது வகைக் களம் உருவானது. இவை ஊரும் அல்ல, சேரியும் அல்ல. சாதி இந்துக்களின் அனுமதி தேவைப்படாத மூன்றாவது நிலம்.

2018 ஜனவரி 6 அன்று தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியது அப்படிப்பட்ட ஒரு நிலத்தில்தான்: சென்னை கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானம். இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. சாதிபேதமற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் சொன்னதிலிருந்து பெயர் எடுத்தார்கள். கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு பத்தொன்பது பேர் மேடையில் நின்றார்கள். பறையும் கட்டை மோளமும் ஒருபுறம், கிட்டாரும் டிரம்ஸும் மறுபுறம், கானாவும் ராப்பும் நடுவில். இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றிப் பாட்டு. அறிவு, இசைவாணி, கானா முத்து, பாலச்சந்தர் என்று இன்று எல்லோருக்கும் தெரிந்த குரல்கள் பெரிய கூட்டத்தின் முன் ஒன்றாக ஒலித்த இரவு அது.

அதே நேரத்தில் சென்னையில் மார்கழிக் கச்சேரிகள் ஓடிக்கொண்டிருந்தன. இந்த இசையை ஏதாவது ஒரு சபாவில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முன்வரிசையில் விமர்சகர்களும், பின்வரிசையில் ஆர்வமுள்ள நூறு பேரும் வந்திருப்பார்கள். மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் "துணிச்சலான முயற்சி" என்று ஒரு பத்தி வந்திருக்கும். மைதானம் என்பதால் வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் பையன்கள் நண்பர்களோடு வந்து நின்று கேட்க முடிந்தது. வாசலில் நின்று உடையை அளக்கும் கண்கள் இல்லை. இசைக்குழு எப்படி ஒலித்தது என்பதில் பாதி, யார் எதிரே நின்று ஆடினார்கள் என்பதில் இருக்கிறது. எதிரே நிற்பவர் பதில் குரல் கொடுக்காவிட்டால் கானா செத்துவிடும்.

நீலம் அதோடு நிற்கவில்லை. 2020இல் மார்கழியில் மக்களிசை தொடங்கியது. மார்கழி மாதத்தையே கேட்டு வாங்கிய பெயர் அது. இடத்தைப் போலவே காலமும் சாதிக்குச் சொந்தமாக இருந்ததைச் சுட்டிய பெயர். 2021இல் மதுரைக்கும் கோவைக்கும் போனது. 2022இல் கோலார் தங்கவயலுக்குப் போனது. இந்தக் கடைசித் தேர்வை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். வடார்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து போன ஒடுக்கப்பட்ட தமிழர்கள் நிலத்துக்கடியில் உழைத்துச் செத்த ஊர் அது. தலித் அரசியலும் பௌத்தமும் தழைத்த ஊர். 2001இல் சுரங்கத்தை மூடியபின் எல்லோரும் மறந்துவிட்ட ஊர். பெரிய ஒலிக்கருவிகளை அங்கே ஏற்றிக்கொண்டு போவதற்குச் சென்னையில் நான்கு விழா நடத்திவிடலாம் என்று கணக்குப் பார்ப்பவர் சொல்வார். கணக்குப் பார்க்காததால்தான் அந்தத் தேர்வுக்குப் பொருள் வந்தது.

மறுதிசையிலிருந்து வந்த முயற்சிகளும் உண்டு. டி.எம்.கிருஷ்ணாவும் நித்தியானந்த் ஜெயராமனும் அப்பகுதி மக்களும் சேர்ந்து 2015இல் பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழாவைத் தொடங்கினார்கள். கர்நாடக இசை குப்பத்துக்கு வந்தது; குப்பத்துப் பிள்ளைகளின் கலைகளும் அதே மேடையில் ஏறின. நல்லெண்ணத்தை நாங்கள் சந்தேகிக்கவில்லை. குப்பம் மீனவர் ஊர், சேரி அல்ல என்பதையும், "கொண்டுபோய்க் கொடுப்பது" என்ற பார்வை எளிதில் உள்ளே நுழைந்துவிடும் என்பதையும் மட்டும் சொல்லி வைக்கிறோம். அந்த ஆண்டே கிருஷ்ணா டிசம்பர் சீசனில் பாடுவதில்லை என்று முடிவெடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளியே வருவதோடு, உள்ளே இருப்பதையும் விட்டார்.

2020இல் நடந்தது இன்னும் தெளிவான பாடம். மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி அவர் எழுதிய செபாஸ்டியன் அண்ட் சன்ஸ் நூலை வெளியிட கலாக்ஷேத்ரா அரங்கத்தை முன்கூட்டியே அனுமதித்திருந்தது. நூலின் ஒரு பகுதி நாளிதழில் வந்தது. மிருதங்கத்துக்கு மாட்டுத்தோல் எப்படி வருகிறது என்பது அதில் இருந்தது. அனுமதி ரத்தானது. வெளியீட்டு விழா தரமணியில் ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது. அந்தக் கருவி ஆண்டாண்டாக அதே அரங்கத்தில் ஒலிக்கிறது. தோலின் சத்தத்துக்கு இடம் உண்டு. தோலை உரித்துப் பதப்படுத்தியவரின் பெயருக்கு இடம் இல்லை. அரங்கம் நடுநிலையானது என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் யோசித்துப் பார்க்கட்டும்.

கடல் கடந்தும் இதே கதைதான். 1952 ஆகஸ்டில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் புகழ்பெற்ற மௌன இசை முதலில் நிகழ்ந்தது நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக் ஊரருகே மேவரிக் அரங்கத்தில். பின்புறம் காட்டை நோக்கித் திறந்திருக்கும் மரக்கொட்டகை. பியானோக்காரர் எதையும் வாசிக்காமல் உட்கார்ந்திருக்க, காற்றும் மழையும் கூட்டத்தின் முணுமுணுப்பும்தான் இசை. சோதனை இசை என்றாலே எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். வெளிச்சத்தம் உள்ளே வருவது அங்கே ஒரு தத்துவம். சேரித்திடலில் பாடுகிறவருக்கு லாரிச் சத்தமும் குழந்தை அழுகையும் ஊர்க்கோயில் ஒலிபெருக்கியும் எப்போதும் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கின்றன.

அந்த ஊரின் பெயரைத் தாங்கிய பெருவிழா 1969 ஆகஸ்டில் நடந்தது. முதலில் பார்த்த வால்கில் என்ற ஊர் எதிர்ப்புத் தெரிவித்ததால், பெத்தலில் ஒரு பால்பண்ணை நிலத்துக்கு மாறினார்கள். உலகமே அதைக் கொண்டாடியது. அதே கோடையில் நியூயார்க் நகரத்துக்குள் ஹார்லெமின் மவுண்ட் மாரிஸ் பூங்காவில் கறுப்பின மக்களின் இசைவிழா பல ஞாயிற்றுக்கிழமைகள் இலவசமாக நடந்தது. படமும் எடுத்தார்கள். அந்தப் படச்சுருள் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பெட்டியில் கிடந்து 2021இல்தான் முழுப்படமாக வெளியே வந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1972 ஆகஸ்ட் 20 அன்று, லாஸ் ஏஞ்சலஸின் மாபெரும் விளையாட்டரங்கில் வாட்ஸ்டாக்ஸ். 1965 வாட்ஸ் எழுச்சியின் நினைவாக, நுழைவுக் கட்டணம் ஒரே ஒரு டாலர். லட்சம் பேருக்குமேல் வந்தார்கள். மும்பையில் தலித் பேந்தர்ஸ் பிறந்த அதே ஆண்டு. தங்கள் குடியிருப்புக்குள் இருக்கும் பூங்காவையும் எடுத்தார்கள், நகரத்தின் மிகப்பெரிய அரங்கத்தையும் எடுத்தார்கள். இரண்டிலும் வீட்டுக்காரர் அவர்களேதான். நமக்கு இதில்தான் கவனம்.

இப்போது வானூருக்குத் திரும்புவோம்.

இந்த வட்டாரத்தின் மிகப் பழைய திறந்தவெளி இசை அரங்கம் எது என்று கேட்டால் தயங்காமல் சொல்லலாம்: திரௌபதி அம்மன் கோயில் முன்னால் இருக்கும் கூத்துக்களம். செஞ்சியைச் சுற்றிய இந்தப் பூமிதான் திரௌபதி வழிபாட்டின் மையம். பாரதம் படித்து, இரவு இரவாகக் கூத்தாடி, கடைசியில் தீமிதி. ஆர்மோனியமும் முகவீணையும் மத்தளமும் தாளமும் விடியும்வரை. உலகத்தில் எந்தச் சோதனை அரங்கமும் பொறாமைப்படும் களம். ஆனால் அந்தக் களத்தில் யார் எங்கே நிற்கலாம்? 2023 ஏப்ரலில் விழுப்புரம் அருகே மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் சென்ற தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் கோயிலுக்கே சீல் வைத்தது வருவாய்த்துறை. 2024இல் உயர் நீதிமன்ற உத்தரவால் பூசைக்குத் திறந்தது. நம் மக்கள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஆகிவிட்டது. அறநிலையத்துறையின் கீழ் இருக்கும் கோயில் வாசலே இப்படி என்றால், "ஊர்ப்பொதுத் திடலில் வைத்துக்கொள்ளலாமே" என்று எளிதாகச் சொல்பவர்களிடம், எந்தப் பொது என்று கேட்கத்தான் தோன்றுகிறது. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்திலேயே பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்டதை மறந்தவர்கள் மட்டுமே இந்த மாவட்டத்தின் கூட்டத்தை வெறும் கூட்டமாகப் பார்க்க முடியும்.

சட்டம் நம் பக்கம் இருப்பது புதிதல்ல. பொதுச்சாலை, கிணறு, பொதுக்கட்டடம் எல்லாம் அனைவருக்கும் திறந்தவை என்ற தீர்மானத்தை ரெட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924இல். நூறாண்டு தாண்டிவிட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு பொதுக் கேளிக்கை இடங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் அப்படியே. அம்பேத்கர் பொழுதுபோக்கை ஏன் சேர்த்தார் என்று யாரும் கேட்பதில்லை. கூடிச் சிரிக்கவும் கூடிக் கேட்கவும் உரிமை இல்லாத இடத்தில் கூடி வாழவும் முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆரோவில் தரப்பின் வாதத்தையும் அலட்சியம் செய்யவில்லை. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடங்கிய நகரம். வானூர் வட்டத்தின் குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, கோட்டக்கரை போன்ற ஊர்களை ஒட்டியே வளர்ந்தது. கோட்டக்கரையில் ஸ்வரம் என்ற இசைக்கருவிப் பட்டறை இருக்கிறது; கல், உலோகம், மூங்கில் என்று புதுப்புது ஒலிகளைத் தேடுகிறார்கள்; செய்கிற கைகள் சுற்றுவட்ட ஊர் இளைஞர்களுடையவை. எடையஞ்சாவடி சாலையில் ஆதிசக்தி இருக்கிறது. மறைந்த வீணாபாணி சாவ்லா 1981இல் மும்பையில் தொடங்கி, 1993இல் புதுச்சேரிப் பக்கம் கொண்டுவந்த நாடகக் குழு. கேரளத்தில் குறிப்பிட்ட சாதியாரே கூடியாட்டத்துக்கு வாசித்து வந்த மிழாவை அவர்கள் நவீன நாடகத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆக, சாதிக் கட்டிலிருந்து ஒரு தோல்கருவியை அவிழ்த்த சோதனை நம் வட்டாரத்திலேயே நடந்திருக்கிறது. மதிக்க வேண்டியதை மதிக்கிறோம்.

ஆனாலும் ஒன்று. ஆரோவில் யாருக்கும் சொந்தமில்லை, மனிதகுலம் முழுவதற்கும் சொந்தம் என்கிறது அதன் சாசனம். காலையில் சைக்கிளிலும் டிவிஎஸ் வண்டியிலும் அங்கே போய்த் தோட்டவேலையும் வீட்டுவேலையும் கட்டட வேலையும் செய்துவிட்டு மாலையில் திரும்பும் நம் அக்காமார்களைக் கேட்டுப் பார்த்தோம். வேலை செய்யும் இடத்துக்கு இரவில் பார்வையாளராக வருவீர்களா என்று. "நாங்க வந்து எங்க உக்கார்றது?" என்றார் ஒருவர். அரங்கத்தில் இருக்கை இருக்கிறது, அக்கா. அவர் கேட்டது இருக்கையைப் பற்றி அல்ல என்பது நமக்கும் புரிந்தது. கலைஞராக நம் பிள்ளைகள் அங்கே போய் வாசிக்கலாம், வாசிக்கவும் வேண்டும். விழாவின் வீடு அதுவாக இருக்க முடியாது.

அப்படியென்றால் காலனியா? இதற்குத்தான் நம் தோழர்களிடமிருந்தே கடுமையான எதிர்ப்பு வந்தது. "நூறு வருஷமா இங்கேயே அடிச்சோம். நவீன இசை விழாவையும் இங்கேயே வெச்சு, மறுபடி நம்மளையே உள்ள தள்றீங்களா?" என்று கேட்டார் ஒரு இளைஞர். கேள்வி கூர்மையானது. காலனி என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போனாலும் எல்லை போய்விடாது. காலனிக்குள் வைத்தால் ஊரார் வரமாட்டார்கள், விழா நம் திருவிழாவாகச் சுருங்கிவிடும். ஊருக்குள் வைத்தால் நம் பெண்கள் வரமாட்டார்கள்.

எங்கள் கருத்து இதுதான். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் ஒலித்தரத்தைப் பார்க்கக் கூடாது. ஒலியை வாடகைக்கு எடுக்கலாம். யாருக்கும் கும்பிடு போடாமல் நம் மக்கள் வீட்டுக்காரராக நின்று "வாங்க" என்று சொல்லக்கூடிய இடமா என்று பார்க்க வேண்டும். ஊர்த்தெருவைக் கடக்காமல் வந்துசேரும் பாதை உண்டா, பேருந்துச் சாலையிலிருந்து நேராக நுழைய முடியுமா என்று பார்க்க வேண்டும். தீ மூட்டலாமா என்று பார்க்க வேண்டும். இவை மூன்றும் பொருந்தும் இடங்கள் நம் வட்டத்தில் உண்டு: சாலையோரம் அமைந்த ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் மைதானங்கள். அரசு நிலம். சட்டப்படி எல்லோருக்கும் பொது; அனுபவத்தில் நம் பிள்ளைகள் படித்து ஓடியாடிய மண். கீழ்ப்பாக்கம் போலவே பள்ளி மைதானம். ஆரோவிலிலிருந்து வருகிறவர்களும் ஊரிலிருந்து வருகிறவர்களும் அந்தப் பள்ளியின் பெயர்ப்பலகையைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். இதுவரை பிள்ளையைச் சேர்க்கக்கூடத் தயங்கிய வாசல் அது. அந்த ஒரு நுழைவே விழாவின் முதல் நிகழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளலாம்.

சிக்கல்கள் இருக்கின்றன. பள்ளி மைதானத்துக்குத் துறை அனுமதி வேண்டும். காவல்துறை அனுமதி தனி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். எந்தத் திருவிழாவுக்குத் தளர்த்துகிறார்கள், எந்தத் திருவிழாவில் சரியாகப் பத்து மணிக்கு வந்து வயரைப் பிடுங்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே மைக் கச்சேரிகளைப் பத்துக்குள் முடித்துவிட்டு, அதன்பின் மைக் இல்லாமல் கூத்தையும் பறையையும் திடலில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கூத்துக் கலைஞர் சொன்னார். ஒலிபெருக்கி வருவதற்கு முன் விடிய விடிய ஆடிய கலைகள் அவை. பெண் கலைஞர்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்ற அறையும் பள்ளிக் கட்டடத்திலேயே கிடைக்கும். அதற்குத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிச் சாவி வாங்க வேண்டும்.

மாதத்தில் மட்டும் இன்னும் இரண்டு கருத்து. மார்கழியில் பனி அதிகம், பறை சீக்கிரம் தளரும், அரைமணிக்கு ஒருமுறை காய்ச்ச வேண்டியிருக்கும் என்கிறார்கள் அடிப்பவர்கள். அறுவடை முடிந்து மாசியில் வைத்தால் பனி குறையும், வைக்கோலும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மாசியில் பள்ளியில் தேர்வு நெருங்கும். அதனால் தை மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.